சதியில் தொடங்கி கொலையில் முடிந்த குற்றச்சாட்டு: லாக்கர்பி வழக்கின் மூன்று மேல்முறையீடுகள்

2002 ஜனவரியில், நெதர்லாந்தின் கேம்ப் ஸைஸ்ட் முகாமில் ஐந்து ஸ்காட்டிஷ் நீதிபதிகள் முன், லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்றவருக்காக மேல்முறையீட்டு வாதத்தைத் தொடங்கிய மூத்த வழக்கறிஞர், தான் எடுத்து வைக்கப்போகாத இரண்டு வாதங்களை முதலிலேயே சொல்லிவிட்டார். சாட்சியம் சட்டப்படி போதவில்லை என்று வாதிடப் போவதில்லை. நியாயமான எந்த நீதிமன்றமும் இந்தத் தீர்ப்புக்கு வந்திருக்க முடியாது என்றும் வாதிடப் போவதில்லை. இரண்டாவதாக அவர் ஒதுக்கிவைத்த கேள்விக்கு ஸ்காட்லாந்தின் உச்சக் குற்றவியல் நீதிமன்றம் பதில் சொன்னது 2021 ஜனவரி 15 அன்றுதான். அதற்குள் பத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. தண்டனை பெற்றவர் இறந்தே எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

பலர் சேர்ந்து திட்டமிட்டதாகச் சொல்லப்படும் குற்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர் ஸ்காட்டிஷ் சட்டத்தில் மேல்முறையீடு செய்வது எப்படி, எந்தத் திருப்பத்தில் எது கைநழுவிப் போகிறது என்பதைக் காட்ட லாக்கர்பி வழக்கைப் போல விரிவாகப் பதிவான வழக்கு வேறில்லை. இந்த வழக்கில் சதிக் குற்றச்சாட்டு தாக்கலாகி, எதிர்க்கப்பட்டு, நிலைத்து, கடைசியில் அரசுத் தரப்பாலேயே கைவிடப்பட்டது. மிஞ்சிய கொலைக் குற்றச்சாட்டில் வந்த தீர்ப்பு மூன்று முறை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனது.

குற்றச்சாட்டுப் பத்திரம்

1988 டிசம்பர் 21 மாலை 7 மணி கடந்த சில நிமிடங்களில், லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த பான் அம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் தெற்கில் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் ஊரில் 11 பேரும் இறந்தார்கள். சாம்சோனைட் பெட்டி ஒன்றுக்குள், தோஷிபா ரேடியோ கேசட் பிளேயரில் மறைத்து வைத்த செம்டெக்ஸ் வெடிமருந்து என்று புலனாய்வு சொன்னது. அந்தப் பெட்டியில் இருந்த துணிகள் மால்டாவின் ஸ்லீமா நகரில் ஒரு கடையில் வாங்கப்பட்டவை. பெட்டி மால்டாவில் விமானமேறி, வேறு விமானங்கள் வழியே பான் அம் 103க்கு மாறியது என்பது அரசுத் தரப்பின் வாதம். வெடிகுண்டின் நேரக்கருவி ஸூரிக்கில் இருந்த மெபோ நிறுவனத்தின் தயாரிப்பு.

லிபியர் இருவர் மீது, அப்துல் பாசித் அல் மெக்ராஹி மீதும் அல் அமீன் கலீஃபா ஃபிமா மீதும், மூன்று குற்றச்சாட்டுகள் மாற்று வரிசையில் சுமத்தப்பட்டன. ஒன்று, கொலை செய்யச் சதி. இல்லையென்றால் கொலை. அதுவும் இல்லையென்றால் 1982ஆம் ஆண்டின் விமானப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது.

மூன்றில் முதலாவதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் சதி 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட குற்றம். அந்த வரையறை எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கு வருவதில்லை. இங்கே சதி பொதுச்சட்டக் குற்றம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஒரு பிரிவாகக் கிடைக்காது, நீதிமன்றத் தீர்ப்புகளில்தான் தேட வேண்டும். ஒருவர் தனியாகச் செய்தாலே குற்றமாகும் ஒரு செயலைச் செய்ய, அதை இறுதி நோக்கமாகவோ வேறொன்றுக்கு வழியாகவோ கொண்டு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதாக உடன்படுவது சதி. இந்த வரையறை பெரிதும் 1942ஆம் ஆண்டு ஹாரிஸ் ட்வீட் நெசவு வழக்கிலிருந்து வருகிறது. அது ஒரு சிவில் வழக்கு. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறைமுகத்தில் வெளியிலிருந்து வந்த நூலைத் தொழிலாளர்கள் இறக்க மறுத்ததைப் பற்றியது. குற்றவியலில் இந்தக் கருத்தை உறுதிப்படுத்தியது 1980ஆம் ஆண்டின் மேக்ஸ்வெல் வழக்கு. உரிமம் வழங்கும் குழு உறுப்பினர்களை லஞ்சத்தால் வளைக்கச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. திட்டம் நிறைவேறவே முடியாத ஒன்று என்று எதிர்வாதம். குற்றமாக்குவது நோக்கத்தின் குற்றத்தன்மைதான், அதன் விளைவு அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இதிலிருந்து மேல்முறையீட்டுக்காரருக்கு இரண்டு கசப்பான விஷயங்கள் கிடைக்கின்றன. உடன்பாடு ஏற்பட்ட கணத்திலேயே குற்றம் முழுமையடைந்துவிடுகிறது. பிறகு விலகிப் போனேன் என்பது விடுதலைக்கு வழி ஆகாது, தண்டனையைக் குறைக்க உதவலாம், அவ்வளவுதான். திட்டம் ஈடேறவில்லை, ஈடேறவே முடியாது என்பதும் காப்பாற்றாது. ஆகவே மேல்முறையீட்டில் போராட மிஞ்சும் இடம், உடன்பாடு இருந்ததா, அதில் இவர் சேர்ந்தாரா என்ற இரண்டு கேள்விகள்தான். இரண்டுக்கும் ஸ்காட்லாந்தின் ஒத்துறுதி விதி பொருந்தும்: ஒவ்வொரு முக்கிய உண்மைக்கும் ஒன்றுக்கொன்று சாராத இரண்டு மூலங்களிலிருந்து சான்று வேண்டும். ஆனால் அந்தச் சான்று சூழ்நிலைச் சான்றாக இருக்கலாம். 1985ஆம் ஆண்டின் வெஸ்ட் வழக்கில், ஒரு நிறுவனத்தின் வாசலருகே வெட்டும் ஆயுதங்களோடு சுற்றித் திரிந்த இருவரின் நடத்தையிலிருந்தே கொள்ளைச் சதியை ஊகிக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. யாரும் யாரிடமும் பேசியதை யாரும் கேட்டிருக்கவில்லை.

முதல் எதிர்ப்பு: எங்கே நடந்த சதி?

1999 டிசம்பரில், விசாரணை தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்பே, எதிர்த்தரப்பு சதிக் குற்றச்சாட்டை அடித்தளத்தில் தாக்கியது. சதி நடந்ததாகச் சொல்லப்படுவது லிபியாவில், மால்டாவில், ஸ்விட்சர்லாந்தில். ஸ்காட்லாந்து மண்ணில் யாரும் யாரோடும் உடன்படவில்லை. உடன்பட்டவுடன் குற்றம் முடிந்துவிடுகிறது என்றால், அது வெளிநாட்டில் முடிந்த குற்றம். ஸ்காட்டிஷ் நீதிமன்றத்துக்கு அதை விசாரிக்க என்ன அதிகாரம்? கேட்பதற்கு மிக நேர்த்தியான வாதம். சதியின் சொந்த இலக்கணத்தை வைத்தே சதியை மடக்கும் வாதம் அது.

நீதிபதி லார்ட் சதர்லேண்ட் அதை ஏற்கவில்லை. சதி, அது கைவிடப்படும்வரை அல்லது நிறைவேறும்வரை தொடரும் குற்றம். அது இலக்கு வைத்த கேடு ஸ்காட்லாந்தில் விளைந்திருக்கிறது. ஆகவே அதிகாரம் உண்டு என்பது அவர் முடிவின் சாரம். அரசுத் தரப்பு வென்றது. என்றாலும் எதிர்த்தரப்பு இந்த வாதத்தை எழுப்பிய நேரம் சரியானது, அதுதான் கவனிக்க வேண்டியது. குற்றச்சாட்டின் செல்லுபடி, பொருத்தம் பற்றிய எதிர்ப்புகளை விசாரணைக்கு முன்பே எழுப்ப வேண்டும். இன்றைய நடைமுறையில், உயர் நீதிமன்ற வழக்கில் முன்விசாரணைக்கு 7 முழு நாட்களுக்கு முன் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டு, தண்டனை வந்தபின் மேல்முறையீட்டு மனுவில் முதல் தடவையாக "குற்றச்சாட்டே தெளிவில்லை" என்று எழுதுபவர்கள் ஏராளம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற ஒரே கேள்வியில் அந்த வாதம் படுத்துவிடும்.

சதிக் குற்றச்சாட்டுகளில் இது குறிப்பாக வலிக்கும். ஸ்காட்டிஷ் சதிக் குற்றச்சாட்டுகள் நீளமானவை. "சதி செய்தீர்கள், அந்தச் சதியை நிறைவேற்றும் பொருட்டு இன்ன நாளில் இன்னது செய்தீர்கள்" என்று உட்பிரிவு உட்பிரிவாகப் போகும். ஜூரி சில உட்பிரிவுகளை நீக்கிவிட்டு மீதியில் குற்றவாளி என்று சொல்லலாம். எது நீங்கினால் சதியே இல்லாமல் போகும், எது நீங்கினாலும் சதி நிற்கும் என்பது விசாரணையின்போதே தெளிவாகியிருக்க வேண்டும். தெளிவாகாவிட்டால், நீதிபதி ஜூரிக்குச் சொன்ன வழிகாட்டுதலில் அந்தக் குழப்பம் அப்படியே தங்கியிருக்கும். மேல்முறையீட்டுக்கு நல்ல விதை அங்கேதான் கிடைக்கும்.

கைவிடப்பட்ட சதி

2000 மே 3 அன்று விசாரணை தொடங்கியது. ஜூரி கிடையாது, மூன்று நீதிபதிகள், கூடுதலாக வாக்களிக்காத ஒருவர். ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டுக்குப் பிறகு 1998இல் பிறப்பிக்கப்பட்ட தனி ஆணை இதற்கு வழி செய்தது. 2001 ஜனவரியில், இறுதி வாதத்தை ஒட்டி, அரசுத் தரப்பு சதிக் குற்றச்சாட்டையும் விமானப் பாதுகாப்புச் சட்டக் குற்றச்சாட்டையும் கைவிட்டது. கொலை மட்டும் நின்றது.

இதனால் குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களுக்குச் சுமை குறைந்ததா? ஒரு கோணத்தில் ஆம்: உடன்பாட்டை மட்டும் நிரூபித்தால் போதும் என்ற எளிய வழி அரசுத் தரப்புக்கு இல்லாமல் போனது. மறு கோணத்தில், கொலைக் குற்றச்சாட்டும் மற்றவர்களோடு சேர்ந்து செய்தது என்ற கூட்டுப் பொறுப்பின் மேல்தான் நின்றது. ஸ்காட்லாந்தில் இதற்கு "ஆர்ட் அண்ட் பார்ட்" என்று பெயர். பத்திரத்தில் எழுதாவிட்டாலும் ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் அது உள்ளடங்கியிருப்பதாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே சதி என்ற சொல் போனது, பொதுத் திட்டம் என்ற எலும்புக்கூடு போகவில்லை.

2001 ஜனவரி 31 அன்று மெக்ராஹி குற்றவாளி, ஃபிமா விடுதலை. உடனே பலரும் கேட்ட கேள்வி, இருவர் சேர்ந்து செய்ததாகச் சொன்ன குற்றத்தில் ஒருவர் விடுதலையானால் மற்றவர் எப்படிக் குற்றவாளி? சதி வழக்குகளில் இது இன்னும் கூர்மையாகக் கேட்கப்படும், ஏனென்றால் தனி ஒருவர் சதி செய்ய முடியாது. ஸ்காட்டிஷ் சட்டத்தின் பதில் அலசிப் பார்க்க வேண்டியது. ஒவ்வொருவர் மீதான சாட்சியமும் தனித்தனி. ஒருவருக்கு எதிராக ஏற்கத்தக்க சாட்சியம் இன்னொருவருக்கு எதிராக ஏற்கத்தக்கதாக இல்லாமல் போகலாம். குற்றச்சாட்டில் "மற்றவர்களோடும்" என்ற சொல் இருந்தால், பெயர் தெரியாத கூட்டாளிகளோடு செய்த உடன்பாடு நிற்க இடமிருக்கிறது. ஆகவே உடன் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை என்பது தானாகவே மேல்முறையீட்டு வெற்றி ஆவதில்லை. இரு தீர்ப்புகளும் ஒரே சாட்சியத்தின் மேல் நின்று ஒன்றையொன்று மறுக்கின்றன என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதில் உயிர் உண்டு. லாக்கர்பியில் அப்படிக் காட்ட வழியில்லை. ஃபிமாவுக்கு எதிரான சாட்சியத்தின் பெரும்பகுதி, சிஐஏவுக்குத் தகவல் கொடுத்துவந்த ஒரு லிபிய உளவாளியின் வாய்மொழி. நீதிபதிகள் அவரைப் பெரும்பாலும் நம்பவில்லை. மெக்ராஹிக்கு எதிராகத் துணிக்கடைக்காரரின் அடையாளம் காட்டலும், பொய்ப் பெயரில் இருந்த பாஸ்போர்ட்டும், டிசம்பர் 21 காலை மால்டா விமான நிலையத்தில் இருந்ததும், மெபோவோடு இருந்த தொடர்பும் தனியாக இருந்தன.

இங்கேயே இன்னொன்று. சதிகாரர் ஒருவரின் பேச்சு மற்றவருக்கு எதிராகச் சாட்சியம் ஆகுமா என்பது இத்தகைய மேல்முறையீடுகளில் அடிக்கடி வரும். பொதுத் திட்டத்தை முன்னெடுக்கும் பொருட்டு, திட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சொன்னது மற்றவர்களுக்கு எதிராகவும் ஏற்கத்தக்கது. எல்லாம் முடிந்தபின் போலீஸ் விசாரணை அறையில் ஒருவர் சொன்னது அவருக்கு எதிராக மட்டும். சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொன்னால் அது எல்லோருக்கும் எதிரான சாட்சியம். இந்த மூன்றையும் நீதிபதி ஜூரிக்குப் பிரித்துச் சொல்லவில்லை என்றால், அது வலுவான மேல்முறையீட்டுக் காரணம். சதி வழக்கின் விசாரணைப் பதிவை வாங்கியதும் முதலில் தேட வேண்டியது இந்த இடத்தைத்தான்.

முதல் மேல்முறையீடு

ஜூரி விசாரணையில் தண்டனை பெற்ற எவருக்கும் கடிகாரம் தண்டனை விதித்த நாளிலிருந்து ஓடுகிறது. இரண்டு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யும் எண்ணத்தை எழுத்தில் உயர் நீதிமன்றத்தின் ஜஸ்டிஷியரி அலுவலகத்தில் தாக்கல் செய்து, அரசுத் தரப்புக்கும் ஒரு படி அனுப்ப வேண்டும். அதற்குப் பின், இன்றைய விதிப்படி, எட்டு வாரத்துக்குள் மேல்முறையீட்டு மனு. மனுவில் எல்லாக் காரணங்களும் முழுமையாக இருக்க வேண்டும். அதில் இல்லாத காரணத்தைப் பின்னால் வாதிட நீதிமன்றத்தின் தனி அனுமதியும், ஏன் விட்டுப்போனது என்பதற்கு விளக்கமும் வேண்டும். கெடு தவறினால் நீட்டிப்பு கேட்கலாம். தாமதத்துக்கான காரணத்தோடு உத்தேசக் காரணங்களையும் காட்ட வேண்டும். சதி வழக்குகளில் இந்த எட்டு வாரம் கொடுமையாகச் சுருங்கிப்போகும். பல வார விசாரணை, பல குற்றம் சாட்டப்பட்டவர்கள், மலை போல் தொலைபேசிப் பதிவுகள். நீதிபதி ஜூரிக்குச் சொன்ன வழிகாட்டுதலின் எழுத்துப் பதிவு கைக்கு வருவதற்கே நாள் ஆகும். எண்ணத்தைத் தாக்கல் செய்த அன்றே அந்தப் பதிவைக் கேட்டுவிட வேண்டும்.

மனு போனபின் விசாரணை நீதிபதி ஒவ்வொரு காரணத்தையும் பற்றி அறிக்கை எழுதுவார். பிறகு ஒரு நீதிபதி தனி அறையில், காகிதங்களை மட்டும் பார்த்து, வாதிடத்தக்க காரணம் ஏதாவது உண்டா என்று முடிவு செய்வார். மறுத்தால் 14 நாளுக்குள் இரண்டாவது சல்லடைக்குப் போகலாம். சில காரணங்களுக்கு மட்டும் அனுமதி கிடைப்பதும் உண்டு.

எல்லாக் காரணங்களும் போய்ச் சேரும் ஒரே சொல், நீதி தவறியது. 1995ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு அதற்கு இரண்டு உதாரணங்களைப் பெயர் சொல்லிக் கொடுக்கிறது: விசாரணையில் கேட்கப்படாத சாட்சியத்தின் முக்கியத்துவம், சரியாக வழிகாட்டப்பட்ட நியாயமான ஜூரி தந்திருக்க முடியாத தீர்ப்பு. முதலாவதற்கு, அந்தச் சாட்சியம் ஏன் அப்போது வரவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் வேண்டும். இவை தவிர தவறான வழிகாட்டுதல், சாட்சியப் போதாமை, ஏற்கக் கூடாத சாட்சியம், அரசுத் தரப்பு மறைத்தது, சொந்த வழக்கறிஞர் வாதத்தையே வைக்காமல் விட்டது ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்கு 1996ஆம் ஆண்டின் ஆண்டர்சன் தீர்ப்பு உயரமான வேலி போட்டிருக்கிறது: வழக்கறிஞர் வேறு விதமாக நடத்தியிருக்கலாம் என்பது போதாது, நியாயமான விசாரணையே மறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

சாட்சியப் போதாமையும் நியாயமற்ற தீர்ப்பும் ஒன்று போலத் தோன்றும், அல்ல. முதலாவது சட்டக் கேள்வி: அரசுத் தரப்பின் சாட்சியம் எல்லாவற்றையும் அப்படியே நம்பினாலும் குற்றம் நடந்ததற்கும் அதைச் செய்தவர் இவர் என்பதற்கும் இரட்டைச் சான்று உண்டா? இரண்டாவது தரம் பற்றிய கேள்வி: சான்று எண்ணிக்கையில் போதும், ஆனால் முழுவதையும் எடைபோட்டால் நியாயமான எவருக்கும் ஐயம் எழாமல் இருந்திருக்குமா? இரண்டாவதில் வெல்வது மிக அரிது. நம்புவதும் நம்பாததும் ஜூரியின் வேலை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளும்.

ஆனால் ஸைஸ்டில் நிலைமை வேறு. சாதாரண ஜூரி ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லும், காரணம் சொல்லாது. ஸைஸ்டின் மூன்று நீதிபதிகளோ 90 பத்திகளில் காரணம் எழுதினார்கள். மால்டா விமான நிலையத்தில் அந்தப் பெட்டி எப்படி விமானத்தில் ஏறியது என்பதற்கு விளக்கம் இல்லாதது அரசுத் தரப்புக்குப் பெரிய இடர்ப்பாடு என்று அவர்களே எழுதினார்கள். துணி வாங்கிய நாளை உறுதி செய்ய, கடைக்காரரின் நினைவில் இருந்த தூறலையும், தொலைக்காட்சியில் ஓடிய கால்பந்தாட்டத்தையும், தெருவின் கிறிஸ்துமஸ் விளக்குகளையும் கோத்து டிசம்பர் 7 என்ற முடிவுக்கு வந்தார்கள். மெக்ராஹி மால்டாவில் இருந்த நாள் அது. எதிர்த்தரப்பு சொன்ன நவம்பர் 23 அல்ல. நியாயமற்ற தீர்ப்பு என்ற வாதத்துக்கு இவ்வளவு எழுத்துப் பொருள் ஸ்காட்லாந்தில் வேறு எந்த மேல்முறையீட்டுக்காரருக்கும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. அதைத்தான் முதல் மேல்முறையீடு தொடாமல் விட்டது.

அதற்குப் பதிலாக, நீதிபதிகள் சாட்சியத்தைக் கையாண்ட விதத்தில் தனித்தனிப் பிழைகள் என்று வாதம் போனது. கூடவே ஒரு புதிய சாட்சியம்: விபத்து நாளின் அதிகாலையில் ஹீத்ரோ மூன்றாம் முனையத்தில், பயணப்பெட்டிகள் இருக்கும் பகுதிக்குப் போகும் கதவின் பூட்டு உடைந்திருந்ததைக் கண்ட காவலர். நீதிமன்றம் அவரைக் கேட்டது. அந்தச் சாட்சியம் இல்லாமல் வந்த தீர்ப்பை நீதி தவறியதாகச் சொல்லும் அளவுக்கு அது முக்கியமல்ல என்று முடிவு செய்தது. 2002 மார்ச் 14 அன்று லார்ட் கல்லன் தலைமையிலான அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளியது. போதாமையும் நியாயமின்மையும் வாதிடப்படவில்லை என்பதைத் தீர்ப்பிலேயே பதிவு செய்தது.

அந்த வாதத்தை வைத்திருந்தால் வென்றிருப்பார் என்று நாங்கள் சொல்லவில்லை. பின்னால் வந்த நீதிமன்றம் அதைக் கேட்டுத் தள்ளியது. ஆனால் அனுமதி பெற்ற ஒரு மேல்முறையீட்டில், கையில் இவ்வளவு பொருள் இருக்கும்போது, சட்டம் பெயர் சொல்லித் தந்திருக்கும் ஒரு வழியைத் தானாக மூடியது எங்கள் கணிப்பில் பெரும் தவறு. வலுவான வாதங்களை மட்டும் வைக்க வேண்டும் என்பது நல்ல விதிதான். ஆனால் தனித்தனிப் பிழை வாதங்கள் ஒவ்வொன்றும் தனியாக விழும். அவற்றைச் சேர்த்துத் தாங்கும் சுவர் அந்த ஒரு வாதம்தான்.

ஆணையம், அனுமதி, கைவிடல்

மேல்முறையீடு தோற்றபின் ஸ்காட்லாந்தில் ஒரு கதவு மிஞ்சும். 1999 ஏப்ரலில் தொடங்கிய ஸ்காட்டிஷ் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையம் கிளாஸ்கோவில் இயங்குகிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, கெடு இல்லை. நீதி தவறியிருக்கக்கூடும் என்றும், வழக்கை அனுப்புவது நீதியின் நலனுக்கு உகந்தது என்றும் ஆணையம் கருதினால், வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும். இரண்டும் வேண்டும். ஆணையத்தின் உண்மையான பலம் அதன் புலனாய்வு அதிகாரம்: அரசு அமைப்புகளின் ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம், சாட்சிகளை மீண்டும் சந்திக்கலாம். சிறையிலிருக்கும் ஒருவராலோ அவர் வழக்கறிஞராலோ எட்ட முடியாத கோப்புகள் அவை.

மெக்ராஹி 2003இல் விண்ணப்பித்தார். 2007 ஜூன் 28 அன்று, 800 பக்கங்களைத் தாண்டிய அறிக்கையோடு, ஆறு காரணங்களில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 7 அன்று துணி வாங்கப்பட்டது என்ற முடிவுக்கு நியாயமான அடிப்படை இல்லை என்பது அவற்றில் ஒன்று. ஸ்லீமாவின் கிறிஸ்துமஸ் விளக்குகள் டிசம்பர் 6 அன்று ஏற்றப்பட்டதைச் சொல்லும் புதிய சாட்சியம் வாங்கிய நாளை அதற்கு முன்னால் தள்ளியது. அடையாள அணிவகுப்புக்கு நான்கு நாள் முன்பு கடைக்காரர் ஒரு பத்திரிகையில் மெக்ராஹியின் படத்தைப் பார்த்திருந்தார் என்பது இன்னொன்று.

ஆணையம் ஆறு காரணங்களில் அனுப்பினால், ஏழாவது காரணத்தை வாதிடலாமா? கூடாது என்றது அரசுத் தரப்பு. கூடும் என்றது நீதிமன்றம், 2008 அக்டோபரில். வெற்றிதான், ஆனால் அதன் பயன் மற்றவர்களுக்கு நீடிக்கவில்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டம் விதியை மாற்றியது: இன்று, ஆணையத்தின் காரணங்களோடு தொடர்புடையவற்றை மட்டுமே வாதிடலாம், வேறொன்றைச் சேர்க்க, நீதியின் நலனுக்கு அது தேவை என்று காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். ஆகவே ஆணையத்துக்கு எழுதும் விண்ணப்பமே இப்போது மேல்முறையீட்டு மனுவின் முதல் வரைவு. "ஆணையம் கண்டுபிடிக்கட்டும்" என்று இரண்டு பக்கக் கடிதம் அனுப்புவது, பின்னால் வாதிட வேண்டிய காரணத்தை இப்போதே இழப்பதற்குச் சமம்.

2008 செப்டம்பரில் மெக்ராஹிக்கு முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இடைக்கால விடுதலை கேட்டார். அந்த நவம்பரில் நீதிமன்றம் மறுத்தது. 2009 ஏப்ரல் இறுதியில் மேல்முறையீட்டு விசாரணை தொடங்கியது. ஆகஸ்ட் 18 அன்று அவர் மேல்முறையீட்டைக் கைவிட நீதிமன்றம் அனுமதித்தது. இரண்டு நாளில் ஸ்காட்டிஷ் நீதி அமைச்சர் கென்னி மெக்காஸ்கில் கருணை அடிப்படையில் அவரை விடுவித்தார்.

இங்கே இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் ஓடின. பிரிட்டனுக்கும் லிபியாவுக்கும் இருந்த கைதிகள் பரிமாற்ற ஒப்பந்தப்படி நாடு திரும்ப வேண்டுமானால் நிலுவையில் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. கருணை விடுதலைக்கு அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் இல்லை. அவர் விடுதலையானது இரண்டாவது பாதையில். அதாவது, கிடைத்த விடுதலைக்குச் சட்டம் கேட்காத விலை ஒன்று கொடுக்கப்பட்டுவிட்டது. சாகக் கிடக்கும் மனிதனின் முடிவை வெளியிலிருந்து எடைபோட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே நிலையில் உள்ள இன்னொருவருக்கு ஆலோசனை சொல்பவர், எந்தப் பாதைக்கு எந்த நிபந்தனை என்பதை எழுத்தில் பிரித்து வைத்துவிட்டே கைவிடல் படிவத்தைத் தொட வேண்டும்.

இறந்தபின் நடந்த மேல்முறையீடு

மெக்ராஹி 2012 மே 20 அன்று திரிப்போலியில் இறந்தார். ஸ்காட்டிஷ் சட்டத்தில் மேல்முறையீடு உரிமை உடம்போடு போய்விடுவதில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 303ஏ பிரிவுப்படி, இறந்தவரின் சொத்து நிர்வாகியோ நியாயமான அக்கறை உள்ள ஒருவரோ அதைத் தொடரலாம். பலியானவர்களின் உறவினர்கள் சிலர், இந்தத் தீர்ப்பு தவறு என்று நம்பியவர்கள், தாங்களும் அத்தகைய அக்கறை உள்ளவர்களே என்றார்கள். 2015 ஜூலையில் நீதிமன்றம் இல்லை என்றது. அந்த ஆண்டிலேயே ஆணையம், முந்தைய மேல்முறையீட்டு ஆவணங்கள் தரப்படாததால், இந்த வழக்கில் தன்னிடம் வந்திருந்த புதிய விண்ணப்பத்தை மேற்கொண்டு பார்க்க மறுத்தது. 2017இல் குடும்பத்தின் சார்பில் மறுபடி விண்ணப்பம். 2020 மார்ச்சில் ஆணையம் இரண்டு காரணங்களில் வழக்கை அனுப்பியது: நியாயமற்ற தீர்ப்பு; அரசுத் தரப்பு வெளிப்படுத்தாமல் விட்ட தகவல்கள். 2002இல் ஒதுக்கிவைத்த வாதம் கடைசியில் நீதிமன்றத்துக்கு வந்தது.

நவம்பர் 2020இல் லார்ட் கார்லவே தலைமையில் ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். நியாயமற்ற தீர்ப்பு என்ற காரணத்தில், ஒவ்வொரு சான்றையும் தனியாகப் பிரித்து எடைபோடாமல் முழுவதையும் சேர்த்துப் பார்த்து, இந்தச் சாட்சியத்தில் நியாயமான நீதிமன்றம் ஒன்று இந்த முடிவுக்கு வர இயலும் என்றார்கள். சூழ்நிலைச் சான்றில் நிற்கும் எந்தச் சதி வழக்குக்கும் இந்தப் பார்வை அப்படியே பொருந்தும். "இந்தக் கயிறு மெலிது, அந்தக் கயிறு மெலிது" என்று பிரித்துக் காட்டுவது போதாது. முறுக்கிய வடம் ஏன் தாங்காது என்று காட்ட வேண்டும்.

வெளிப்படுத்தாமை பற்றிய காரணத்துக்கு 2010ஆம் ஆண்டு மெக்கின்னஸ் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வகுத்த இரண்டு படிகள்: அந்தத் தகவல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டியதா? ஆம் என்றால், கொடுத்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்பதற்கு உண்மையான சாத்தியம் உண்டா? மறைக்கப்பட்டது என்று நிரூபிப்பதோடு பலர் நின்றுவிடுவார்கள். தோற்பது இரண்டாம் படியில். குறுக்குவிசாரணையின் எந்தக் கேள்வி அந்தத் தகவலால் வேறு விதமாக இருந்திருக்கும், எந்தச் சாட்சி எந்த இடத்தில் சரிந்திருப்பார் என்று விசாரணைப் பதிவின் பக்க எண்ணோடு காட்டினால்தான் அந்தப் படி ஏறும். இங்கே ஏறவில்லை. 2021 ஜனவரி 15 அன்று இரண்டு காரணங்களும் தள்ளப்பட்டன.

வென்றிருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 118ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்யலாம். ரத்து செய்து வேறு தீர்ப்பை மாற்றி வைக்கலாம், உதாரணமாகச் சதியின் சில உட்பிரிவுகளை மட்டும் நீக்கியது. அல்லது ரத்து செய்து புதிய வழக்குக்கு அனுமதி தரலாம். புதிய வழக்கு இரண்டு மாதத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். தோற்றவர் லண்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடிவது, ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்பது போன்ற கேள்வி இருந்தால் மட்டும். ஸ்காட்டிஷ் சதிச் சட்டத்தைப் பற்றிய சாதாரணக் கேள்விக்கு எடின்பரோவில் சொல்வதே கடைசிச் சொல். ஆகவே அத்தகைய உரிமைக் கேள்வி இருந்தால், அது முதல் மனுவிலேயே தனிக் காரணமாக, தன் சொந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.